கூடாரமும் மண்வெட்டியும்

பிள்ளையைச் சாரணர் பாசறைக்கு ஒரு வாரம் அனுப்புங்கள் என்று கேட்டால், நம்மவர் இல்லங்களில் எழும் வினா பெரும்பாலும் ஒன்றே: “வீட்டில் பாய் இல்லையா, சோறு இல்லையா, காட்டில் போய்ப் படுப்பானேன்?” தோட்டத்துத் தாய்மார் கேட்பது இன்னும் பொருத்தமுடையது. “நாங்கள்தாம் நாள்தோறும் காட்டில் கிடக்கிறோம், பிள்ளையாவது தப்பட்டுமே!” என்பர். இவ்வினாக்களை நாம் எள்ளுவதில்லை. எனினும் நாம் உடனிருந்து கண்ட ஒரு பாசறையை அவர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அதற்கு முன் ஒரு சொல். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரௌன்சீ தீவில் பேடன் பவல் முதற் பாசறையை நடத்தினார். வந்த சிறுவர் சுமார் இருபதின்மர். ஒரு சாரார் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளின் மாணாக்கர். மற்றொரு சாரார் பூல், போர்ண்மத் ஊர்களின் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். முன்னவரிடம் ஒரு பவுனும் பின்னவரிடம் மூன்றரை ஷில்லிங்கும் கட்டணமாகப் பெற்று, அனைவரையும் நான்கு அணிகளாகக் கலந்து, ஓநாய், காளை என்று விலங்கு பறவைகளின் பெயரிட்டார். பேரரசின் படைத்தலைவர் ஒருவரிடமிருந்து இவ்வேற்பாடு பிறந்தது வியப்பே. ஆயினும் நல்லது எவரிடமிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ள நமக்கு நாணமில்லை.

1966 ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில், சிரம்பானிலிருந்து சுமார் இருபது மைல் தொலைவிலுள்ள போர்ட் டிக்சன் கடற்கரையருகே பதினெட்டுச் சிறுவருடன் நாம் ஏழு நாள் தங்கினோம். பாதிப்பேர் பட்டணத்துக் கடைக்காரர், குமாஸ்தாக்கள் மக்கள். பாதிப்பேர் ரப்பர்த் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர். காளை, யானை, பருந்து என மூன்று அணிகள், அணிக்கு அறுவர்.

முதல் நாட் சமையலைப் பற்றி அதிகம் சொல்லாதிருப்பதே நலம். அடி தீய்ந்து, நடு குழைந்து, மேலே அரிசியாகவே நின்ற சோற்றை அனைவரும் வாய் பேசாமல் உண்டனர். சட்டியின் வெளிப்புறத்தில் சவர்க்காரத்தைத் தடவி அடுப்பிலேற்றினால் கரி எளிதிற் கழுவுப்படும் என்பதைப் பட்டணத்துப் பையன் ஒருவன் நூலிற் படித்துவந்து சொன்னான். ஈர விறகைப் பற்றவைக்க அந்நூல் அவனுக்கு உதவவில்லை. காய்ந்த ரப்பர்ச் சுள்ளிகளைத் தேடிப் பொறுக்கி வந்தவன் தோட்டத்துப் பையன். இரண்டாம் இரவு பெருமழை. நனைந்த கயிறு சுருங்கி முளையைப் பிடுங்குமாதலால் கூடாரக் கயிறுகளைத் தளர்த்தவேண்டும். பதினெட்டுப் பேரும் இருளில் ஓடித் தளர்த்தினர். யார் எவர் கயிற்றைத் தளர்த்தினர் என்பதை ஒருவரும் அறியார்.

இவையெல்லாம் எளிது. எளிதல்லாதது மலக்குழி.

பாசறைக்குக் கழிப்பிடம் வேண்டும். காற்று வீசும் திசைக்குக் கீழாக, நீர்நிலைக்கு எட்ட, ஓரடி அகலமும் மூன்றடி ஆழமுமாக அகழி வெட்டி, சுற்றிலும் தென்னங்கீற்று மறைப்பு நிறுத்தவேண்டும். கடற்கரை மணலில் கரை நில்லாது சரியுமாதலால், சற்று உள்ளே செம்மண் தரையைத் தேர்ந்தோம். தோண்டிய மண்ணை அருகே குவித்து மண்வெட்டியையும் வைத்துவிட்டால், பயன்படுத்தியவன் தானே மண்ணிட்டு மூடுவான். நாற்றமுமில்லை, ஈயுமில்லை. ஆனால் முதல் நாட் காலையில், “யார் வெட்டுவது?” என்ற பேச்செழுந்தபோது, பதினாறு பேர் பார்வை ஒரே சிறுவன் மீது சென்றது. அவன் தந்தை தோட்டத்தில் கழிவிடம் துப்புரவு செய்பவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. எழுந்து மண்வெட்டியை நோக்கி நடந்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்நடையை யார் கற்பித்தார்?

நாம் அவனை அமரச்செய்து, சீட்டுக் குலுக்கினோம். துப்புரவு, சமையல், விறகும் நீரும் என்ற மூன்று வேலையும் நாள்தோறும் அணி மாறி வரும் என்பது ஏற்பாடு. முதற் சீட்டுக் காளை அணிக்கு விழுந்தது. அவ்வணியிலேதான் சிரம்பான் மளிகை வணிகர் ஒருவரின் மகன் இருந்தான். முகம் சுளித்தான், வெட்டினான், உள்ளங்கை கொப்புளித்ததை மாலையில் எல்லோரிடமும் பெருமையாகக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வரலாம் என்று அறிவித்திருந்தோம். அன்று காளை அணியின் முறை மீண்டும் வந்திருந்தது. வணிகர் காரிலிருந்து இறங்கிவந்து தம் மகனைக் கண்டது தென்னங்கீற்று மறைப்பின் அருகில், கையில் மண்வெட்டியுடன். “ஐயா, இதற்கா என் பிள்ளையை அனுப்பினேன்? இதற்கென்று பிறந்த பையன் ஒருவன் இங்கேயே இருக்கிறானே!” என்றார். அந்தப் பையன் பத்தடி தொலைவில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தான். அகப்பை நிற்கவில்லை.

“நேற்றும் இன்றும் நாளையும் முறைப்படி யாவர்க்கும் இவ்வேலை உண்டு, ஐயா. அமர்ந்து ஒரு வாய் உண்டு போங்கள்” என்றோம். அவர் உண்ணவில்லை. மகனை மூட்டையைக் கட்டச் சொன்னார். அவனோ மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் காரில் ஏறினான். அன்றிரவு தீயைச் சுற்றிப் பாட்டு எழவில்லை.

செவ்வாய்க்கிழமை நண்பகல் பேருந்தில் அவன் தனியே வந்திறங்கினான். கையில் ஒரு பிஸ்கட் தகரம். திறந்தால் முறுக்கு, எண்ணி வைத்தாற்போல முப்பத்தாறு. ஆளுக்கு இரண்டென்று அவன் தாய் கணக்கிட்டிருக்கிறார். தந்தை இசைந்தாரா, அறியாரா என்று நாம் கேட்கவில்லை. அவர் அதன்பின் இரண்டாண்டு நம்மோடு பேசவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும். தகரத்தை அவன் முதலில் நீட்டியது யானை அணியினரிடம். சாம்பார் கிண்டிய பையன் இரண்டு எடுத்துக்கொண்டு, “உன் முறை நாளைக்கு வருகிறது” என்றான்.

புதன்கிழமை பாசறை கலைந்தது. அகழியை மூடி, முதல் நாள் பெயர்த்து நிழலில் நனைத்து வைத்திருந்த புற்றரையை மேலே பதிக்கவேண்டும். காளை அணியின் வேலைதான். ஆயினும் நாம் சென்று பார்த்தபோது மிதித்து அமுக்கிக்கொண்டிருந்த கால்கள் பன்னிரண்டுக்கு மேலிருந்தன.