அமானிதப் பணமும் கொழும்பு ஹோட்டலும்

அமானிதம் பற்றிய பாடத்தில் நாம் கொழும்பு ஹயாத் ஹோட்டலைச் சொல்வதுண்டு. கொள்ளுப்பிட்டியில் அதைக் கட்ட, கேன்வில் ஹோல்டிங்ஸ் என்னும் நிறுவனத்தில் இலங்கை அரசின் காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் லிட்ரோ எரிவாயு நிறுவனமும் முதலீடு செய்தன. ஊழியர் சேமலாப நிதியிலிருந்தும் 500 கோடி இலங்கை ரூபாய் போயிற்று. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் போன்றோரின் ஊதியத்தில் மாதந்தோறும் 8 விழுக்காடு பிடித்துச் சேர்த்த நிதி அது. கட்டடமோ ஆண்டுக்கணக்கில் முடியாமல் நின்றது.

வியாபாரத்தில் நட்டம் இயல்புதான். ஆனால் பிறர் பணத்தை வைத்திருப்பவர், அதை எங்கே, எந்த நிபந்தனையில் போட்டோம் என்பதைக் கேட்கும் முன்பே சொல்லக் கடமைப்பட்டவர். கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் வசனமே (2:282) குர்ஆனில் மிக நீண்டது.

நம் பள்ளிப்பட்டுப் பிள்ளைகளின் தந்தையரில் சிலர் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் 12 விழுக்காடு பி.எஃப். கட்டுகிறவர்கள். இருப்பு எவ்வளவு என்று செல்பேசியில் பார்க்கிறார்கள். அது எங்கே முதலீடாயிற்று என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. மத்திய அலுவலகங்களுக்கான மனுக் கட்டணம் 10 ரூபாய். ஜுமுஆவுக்குப் பின் மத்ரஸாத் திண்ணையில் காகிதமும் பேனாவும் வைத்திருப்போம்.