கல்வராயன் மலையின் நீர்நிலைகள்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நோக்கி விரைகின்ற யாத்திரிகருக்குக் கள்ளக்குறிச்சி, கரும்பு வண்டிகளும் நெல் மூட்டைகளும் ஜனநெருக்கமும் மலிந்த ஒரு சந்தை நகரமாக மட்டுமே காட்சி தரும். 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானதும், இவ்வட்டாரத்து மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றதும் ஊருக்குப் பெருமையே. ஆயினும் இவ்வூரின் ஜீவாதாரமாகிய நீர், மேற்கே நீலப் படலமாய்த் தெரிகின்ற கல்வராயன் மலையினின்று வருவது.

கச்சிராயபாளையத்தையும் அதன் சர்க்கரை ஆலையையும் கடந்தால், மலையடிவாரத்தில் 46 அடி நீர்மட்டம் கொண்ட கோமுகி அணை எதிர்ப்படும். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறிக் கரியாலூரையும் வெள்ளிமலையையும் அடைகிறது. 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்த இம்மலையில், ஐப்பசி கார்த்திகையில் பெய்கின்ற மழையைக் காட்டு மண்ணும் சருகும் பாறை இடுக்குகளும் உள்வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர்ச் சிறுகச் சிறுகச் சுனையாகவும் ஊற்றாகவும் வெளிவிட, அவை ஓடைகளாய்க் கூடிப் பெரியார், மேகம் முதலிய அருவிகளாய் வீழ்கின்றன. அணையில் தேங்குகின்ற கோமுகியோ வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே சமுத்திரத்தை அடைகிறது.

மலையாளிகள் எனப்படுகின்ற இம்மலைக்குடிகள் தமிழரே. காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சிக்குட்பட்டிருந்த இவர்கள், சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்துவருகிறார்கள்.

விடுமுறை நாட்களில் சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவோர்க்குப் பெரியார் அருவியே பிரதான க்ஷேத்திரம். மேகம் அருவிக்குக் காட்டுவழியே நடக்க வேண்டியிருப்பதால் அங்கே கூட்டம் குறைவு; எனக்கு அதுவே அதன் விசேஷமாகப் படுகிறது. நீராடிக் களைத்து, ஈரத்தலையோடு பாறைமேல் அமர்ந்து, புளியோதரையையும் தயிர்சாதத்தையும் பிரிக்கின்ற அந்த வனபோஜனத்துக்கு ஈடான விருந்து வீட்டுக் கூடத்தில் கிட்டாது. ஆனால் பொட்டலம் அவிழும் ஓசையை மனிதரினும் முன்னதாக நாட்டுக் குரங்குகள் கேட்டுவிடுகின்றன. தாய் வயிற்றைப் பற்றிய குட்டியோடு வருவதும், ஒன்று முன்னே நின்று பல்லைக்காட்ட மற்றொன்று பின்னே வந்து வாழைப்பழத்தைக் கவர்வதும் அவை நன்கு பயின்ற வித்தைகள். இதைக் கண்டு நகைத்து, மேலும் ஒரு பிடி சோற்றை எறிகின்றவர், காட்டில் அத்தியும் நாவலும் தேடித் தின்ன வேண்டிய பிராணியைச் சாலையோரத்துப் பிச்சைக்காரனாக்குகிறார் என்பதே என் அபிப்பிராயம்.

விலங்கை அதன் நீர்நிலையிலேயே கண்டு மகிழ்கின்ற இடங்களும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்ய நாட்டுச் சாவோ வனத்தினுள் ம்சீமா என்றோர் ஊற்று அத்தகையது. சியுலு மலையின் எரிமலைச் சாம்பலுள் இறங்கிய மழைநீர், பூமிக்கடியில் நெடும்பிரயாணம் செய்து, நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி காலன் அளவில் ஸ்படிகம்போல் அங்கே வெளிப்படுகிறது. நீரடியில் அமைந்த கண்ணாடி அறையில் இறங்கி மீன்களையும், அதிர்ஷ்டமிருந்தால் நீர்யானையையும் பார்ப்போர் பலர். அங்கே விலங்கைக் காணவே மனிதர் ஊற்றுக்குப் போகின்றனர். இங்கே நாம் போகிற ஆரவாரத்திலேயே விலங்கு ஒதுங்கிவிடுகிறது. ஆகையால் கல்வராயனில் ஒன்றும் இல்லை என்று சொல்லித் திரும்புவோர் அநேகர். விடியலில் சுனைக்கரைச் சேற்றைக் குனிந்து பார்த்திருப்பார்களாயின், காட்டுப்பன்றி கிளறிய தடமும், காட்டுக்கோழியின் கால்விரல்களும், எப்போதேனும் கரடியின் அகன்ற பாதமும் அங்கே பதிந்திருப்பதை அறிந்திருப்பர்.

கோடையில் அருவி மெலிந்து ஓடைகள் வறளும்போது எஞ்சி நிற்பவை இச்சுனைகளே. பகலில் ஆடுமாடுகளும் குடம் ஏந்திய பெண்களும் பயன்கொள்கின்ற அதே நீருக்கு, இருட்டியபின் காட்டுயிர்கள் வந்து தம் முறையைப் பெறுகின்றன. அம்முறை தவறாதிருக்க, சோப்பையும் ஷாம்பூவையும் வீட்டில் வைத்துவிட்டு வருவதும், எச்சில் இலையையும் பிளாஸ்டிக் பையையும் கையோடு கீழே கொண்டுபோவதும் விருந்தினர்க்குரிய குறைந்தபட்ச மரியாதை. மழைக்காலம் ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே செல்லத் தக்க காலம். காலையில் ஏறி, பொழுது சாயுமுன் கச்சிராயபாளையம் இறங்கிவிடுவது உத்தமம்.