முப்பதும் முப்பதும் அறுபத்தொன்பது

போன ஐப்பசியில் சேத்துப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் தப்பு கண்ணில் பட்டது. வெளியே மழை. அப்பா தறிக்குழியிலிருந்து சொம்பால் தண்ணீர் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். குழித்தறிக்காரர்களுக்கு அடைமழை என்றால் இதுதான். குழியில் ஊற்று ஏறும், மிதிகட்டை மூழ்கும், ஈரக்காற்றில் பாவு சொன்னபடி கேட்காது.

நான் பக்கத்து அறையில் லேப்டாப்போடு. கட்டடத்தில் தீப்பிடித்தால் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கொட்ட வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள் எழுதுவது என் வேலை. பட்டு நெசவாளி மகனுக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்.

அதில் உலர் ஸ்பிரிங்க்ளர் என்று ஒரு வகை. சூடேற்றாத கிடங்குகளிலும் குளிர்பதன அறைகளிலும் குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்துவிடும். அதனால் அழுத்தமான காற்றை அடைத்து வைப்பார்கள். சூட்டில் ஒரு தலை திறந்தால் முதலில் காற்று வெளியேறும், பிறகு வால்வு திறக்கும், அப்புறம்தான் தண்ணீர். சினிமாவில் வருவதுபோல எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பீய்ச்சாது. சூடு எட்டிய தலைகள் மட்டுமே திறக்கும். எனவே 'இத்தனை சதுர அடியில் உள்ள தலைகள் திறக்கும்' என்று ஒரு பரப்பை வைத்துக்கொண்டு பம்பைத் தீர்மானிக்கிறார்கள்.

என்எஃப்பிஏ 13 என்ற அமெரிக்க நெறியில் ஜவுளி நெசவு சாதாரண அபாயத்தின் இரண்டாம் பிரிவு. பஞ்சு உதறி, கலந்து, சிக்கெடுக்கும் இடங்கள் அதற்கும் மேலே, மிகை அபாயத்தில் வரும். (பட்டு அவ்வளவு சுலபமாக எரியாது. சுத்தப் பட்டா என்று பார்க்க அப்பா இழையைக் கொளுத்தி முகர்வார், முடி பொசுங்கும் வாசனை வரவேண்டும்.) மிகை அபாயம் முதல் பிரிவுக்கு வழக்கமாக எடுக்கும் பரப்பு 2,500 சதுர அடி. உலர் முறை என்றால் 30 சதவீதம் கூட்டணும், ஏனென்றால் காற்று போய்த் தண்ணீர் வருவதற்குள் தீ பரவி இன்னும் சில தலைகள் திறந்துவிடும். கூரைச் சரிவு ஆறுக்கு ஒன்றைத் தாண்டினால் இன்னொரு 30.

நான் இரண்டையும் கூட்டி 60 என்று எழுதியிருந்தேன். நெறியோ முதலில் பெருக்கி வந்த பரப்பின் மேல் மறுபடி பெருக்கச் சொல்கிறது. 2,500, 3,250, பிறகு 4,225. என் கணக்கில் 4,000. குறைந்த 225 சதுர அடி என்பது இரண்டு மூன்று தலைகள். சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.3 கேலன் வீதம் 67.5 கேலன், ஏறக்குறைய 255 லிட்டர். சோதனைக் கோப்பையும் நானே எழுதியதால் அதிலும் 4,000 என்றே இருந்தது. இரண்டு வருஷமாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், முதலில் தோன்றியது சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்பதுதான். அடுத்த பதிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று ஒரு வரி. யார் பார்க்கப் போகிறார்கள்?

"என்னடா, மூஞ்சியே சரியில்ல?"

சொன்னேன். ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டையில் ஓட்டை தப்பாக விழுந்தமாதிரி என்றேன். அப்பா சொம்பைக் கீழே வைத்தார்.

"அந்த அட்டையில எத்தினி சேலை நெஞ்சி போயிருக்கு?"

எண்ணிப் பார்த்ததே இல்லை. பதிவேட்டைத் தேடினேன். உலர் முறையும் சரிவுக் கூரையும் சேர்ந்த கட்டடங்கள் மூன்று.

"மூணு, ப்பா."

"எங்க போச்சுன்னு தெரியுமில்ல?"

தெரியும். மூன்றின் பெயரையும், பழைய பரப்பையும் சரியான பரப்பையும் எழுதி, தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே போட்டு மேலாளருக்கு அனுப்பினேன். மணி பதினொன்று. அப்பா இன்னொரு சொம்பை நீட்டினார். குழியில் இறங்கினேன், தண்ணீர் முழங்கால் வரை இருந்தது.