பத்துக்கு நாலு

ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பற்ற போக்கே காரணம் என்று 1967இல் புருனோ பெட்டல்ஹைம் புத்தகம் எழுதினார். அந்தக் கருத்து பொய்த்துப்போனது; பழி போகவில்லை. என் மகனின் சிகிச்சைக் கோப்பில் 'அம்மா ஒத்துழைப்பதில்லை' என்றிருந்தது. வீட்டுப் பயிற்சியை அப்பாவும் செய்யலாம் என்று யாரும் எழுதவில்லை.

புதிதாக வந்த தெரபிஸ்ட் கேட்டார்: "தினமும் பயிற்சி கொடுக்க முடியும்னு பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கு?"

"நாலு."

"ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு ஏன் சொன்னீங்க?"

குளிக்கும்போது தண்ணீர் கேட்க அவனுக்குச் சைகை பழக்கியிருந்ததைச் சொன்னேன். குளியல் நேரத்தையே பயிற்சி நேரமாக்கினோம்.

குடிநோயாளிகளுக்காக வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த 'ஊக்கமூட்டும் நேர்காணல்' இது. முடிவது எது என்பதை நம் வாயாலேயே சொல்லவைக்கும் முறை. அடுத்த முறை அதே கேள்வியை என் கணவரிடமும் கேட்கச் சொன்னேன்.