கப்பல் புறப்படும் வேளை

ஹெப்பாளில் கடல் இல்லை. ஏரி ஒன்று உண்டு. மாலை வேளைகளில் அதன் கரையில் உலாவுவோம். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் கண்ணம்பாடி அணைக்கு அழைத்துச் சென்று, பரந்த நீரைக் காட்டி மகிழ்வோம். தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இங்கே குடிவந்த நம்மவர் பலருக்கும் நீரென்றால் இவ்வளவே. ஆகவே, 2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாங்கள் குடும்பத்தோடு சென்னையில் உல்லாசக் கப்பலேறி இலங்கைக்குச் சென்று வந்த செய்தி பரவியதும், சங்கத்து அன்பர்கள் பலர் எங்களைச் சூழ்ந்துகொண்டனர். 'எவ்வளவு செலவாயிற்று?' என்பது முதற் கேள்வி. 'தலை சுற்றியதா?' என்பது அடுத்தது. இவற்றுக்கு விடையளிக்கவே இதனை எழுதத் தொடங்கினோம். எழுதும்போது வேறொன்றும் உடன் வந்து சேர்ந்துகொண்டது.

எங்கள் அன்னையாருக்கு அப்போது வயது எழுபத்தாறு. மலாயாவில் பிறந்தவர். அவர் தந்தையார் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். 1956 ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுமியாகிய எங்கள் அன்னையாரையும் தம் மனைவியாரையும் பினாங்கில் 'ரஜூலா' கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார். ரஜூலாவை அறியாத நாகைப் பக்கத்துக் குடும்பங்கள் அந்நாளில் மிகச் சிலவே. 1926 இல் கட்டப்பெற்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்குமிடையே நம்மவரைச் சுமந்த நீராவிக் கப்பல் அது. அறை வாங்க வசதியில்லாதவர் மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொள்வர். அவ்வாறு இடம் பிடிப்பதற்காகப் பாட்டியார் சிறுமியைக் கையில் பற்றிக்கொண்டு கூட்டத்தில் நுழைந்தார். இடம் கிடைத்தது. பெட்டிக்குக் காவலாகச் சிறுமியை அமர்த்திவிட்டுக் குடிநீர் கொண்டுவரச் சென்றார். அவர் திரும்பி வருவதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது. துறைமேடையில் நின்ற தந்தையார் கையசைத்தாரா, இல்லையா என்பதைச் சிறுமி பார்க்கவில்லை. மறு ஆண்டே அவர் அங்குக் காலமானார்.

இந்தச் செய்தியை அன்னையார் எங்களிடம் சொன்னது இரண்டு முறைதான் இருக்கும். சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் விடுகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தபோது மூன்றாம் முறையாகச் சொன்னார். அவ்வாண்டு ஜூன் 5 ஆம் நாள் மத்திய அமைச்சர் சர்வானந்த சோனோவால் முதற் கப்பலைச் சென்னையில் வழியனுப்பினார். ஜூன் 16 ஆம் நாள் அது காங்கேசன்துறையை அடைந்தது. 'கப்பல் கிளம்பும்போது கம்பியருகே நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்,' என்றார் அன்னையார். பயணத்தின் நோக்கம் அது ஒன்றே. மற்றவை யாவும் பிள்ளைகளுக்காக.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பொறியாளர். மகள் சிங்கப்பூரில் வாழ்கிறார். 2012 இல் மரீனா விரிகுடாவில் திறக்கப்பெற்ற பெரிய கப்பல் முனையத்திலிருந்து ஐந்தாறு முறை உல்லாசக் கப்பலில் சென்று வந்தவர். எங்கள் திண்ணையில் அமர்ந்து, இரண்டு குவளை காப்பி அருந்தி, அறிவுரைகளை அடுக்கினார். முதலாவது, கப்பல் புறப்படும் நாளன்று காலையில் ஊர் போய்ச் சேரலாம் என்று திட்டமிடாதீர்கள். இரயில் தாமதித்தால் கப்பல் உங்களுக்காக நிற்காது என்பது. இதனைச் சிரமேற் கொண்டோம். காவேரி விரைவு இரயிலில் முந்திய நாளே சென்னை சேர்ந்து, பெரம்பூரில் உறவினர் வீட்டில் தங்கினோம். அவ்வளவில் எங்கள் கெட்டிக்காரத்தனம் முடிந்தது.

அவர் கூறிய இரண்டாவது அறிவுரை, பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டால் அவை அறை வாயிலுக்கு வந்து சேர மாலையோ இரவோ ஆகலாம். மருந்து, கடவுச்சீட்டு, மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது. கடவுச்சீட்டை வைத்துக்கொண்டோம். மருந்தும் கைப்பையில்தான் இருந்தது. ஆனால், பெரம்பூரிலிருந்து புறப்படும் அவசரத்தில் கைப்பை கனக்கிறதென்று எங்களுள் ஒருவர் அதனைப் பெட்டிக்குள் மாற்றிவிட்டார். அவர் இன்னார் என்று இங்கே எழுதுவது இல்லற அமைதிக்கு ஏற்றதாகாது.

முனையத்தில் பெட்டிகளை ஊடுகதிரில் பார்த்தபோது வேறொரு சங்கடமும் நேர்ந்தது. அன்னையாருக்கு இரசஞ்சோறு வடித்துக் கொடுக்கலாமென்று சிறிய மின்சாரக் குக்கர் ஒன்றைத் துணிக்குள் சுற்றி வைத்திருந்தோம். அதனை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் இதே கதி. வெப்பம் உண்டாக்கும் மின்கருவி எதனையும் பயணியர் அறையில் அனுமதிப்பதில்லை. கப்பலுக்குத் தீயைப்போல் பகை வேறில்லை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஓடிக்கொண்டிருந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றி உயிர்கள் மாண்டதும், அத்துடன் அந்தப் பயணியர் போக்குவரத்தே நின்றுபோனதும் நம்முள் மூத்தோருக்கு நினைவிருக்கும். குக்கரைத் திரும்பும்போது பெற்றுக்கொண்டோம். குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

நண்பகலில் கப்பலேறினோம். மாலை நான்கு மணியளவில் ஆபத்துக்கால ஒத்திகைக்கு எல்லோரையும் அழைத்தார்கள். சிலர் முணுமுணுத்தனர். 2012 ஜனவரி 13 ஆம் நாள் இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் உயிரிழந்தனர். அன்று புதிதாக ஏறியவர் பலருக்கு ஒத்திகை இன்னும் நடத்தப்பெறவில்லை. அதற்குப் பின்னரே, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டுமென்று உலக விதி திருத்தப்பட்டது. ஆகவே அழைக்கும்போது போய் நிற்பதே முறை. தம் கூடுமிடம் எது, அறையிலிருந்து அங்குச் செல்லும் படிக்கட்டு எது என்பவற்றை அன்னையார் எங்களினும் நன்றாக மனத்திற் பதித்துக்கொண்டார்.

ஒத்திகை முடிந்து அறைக்கு வந்தபோதுதான் மாத்திரையைத் தேடினோம். இரத்த அழுத்தத்துக்கு அவர் பிற்பகலில் உட்கொள்ள வேண்டியது அது; ஏற்கனவே நேரம் கடந்திருந்தது. வெயிலும் வரிசையும் சேர்ந்து அவருக்குத் தலை கனத்தது, கட்டிலில் சாய்ந்துகொண்டார். எங்களுள் ஒருவர் பெட்டியைத் தேடித் தளந்தோறும் ஓடினார்; மற்றவர் கப்பல் மருத்துவரைத் தேடிச் சென்றார். மருத்துவர் வந்து அழுத்தம் அளந்து, மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் எழாமல் படுத்திருக்கச் சொன்னார். பணிவான மனிதர். கட்டணம் மட்டும் பணிவாக இல்லை.

எங்கள் அறை உட்புறத்தது, சாளரம் இல்லை. மலிவு கருதி எடுத்தது. தரை மெல்ல அதிர்ந்தது. மேசைமேலிருந்த கண்ணாடிக் குவளை கிணுகிணுத்தது. 'கப்பல் கிளம்பிவிட்டதா?' என்று அன்னையார் கேட்டார். ஆம் என்றோம். 'சரி,' என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டி எட்டு மணிக்கு வந்தது.

அன்றிரவு எங்களுக்கு உணவு இறங்கவில்லை. பிள்ளைகளுக்கு இறங்கியது, தேவைக்கு மேல். இது குறித்தும் எதிர்வீட்டுப் பெரியவர் எச்சரித்திருந்தார். உணவுக்கூடத்தில் நுழைந்தவுடன் தட்டை எடுக்காதீர்கள். வெறுங்கையோடு ஒரு சுற்று வந்து என்னென்ன உள்ளன என்று பார்த்துவிட்டுப் பிறகு எடுங்கள். நுழையும் முன் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், கப்பலில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நூறு பேருக்குப் பரவ நாளாகாது என்றெல்லாம் கூறினார். முதல் நாள் எங்கள் மகன் மூன்று தட்டு நிரப்பினான். மறுநாள் காலை மோர் மட்டும் கேட்டான். அன்னையாரோ நான்கு நாளும் இட்லி, தயிர்ச்சோறு, பழம் என்பதற்கு மேல் செல்லவில்லை. இன்னொரு பாடத்தையும் மகனே எங்களுக்குக் கற்பித்தான். நடுக்கடலில் கைப்பேசி தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொள்ளும். ஹெப்பாளிலுள்ள தோழனோடு அவன் சில நிமிடங்கள் பேசியதற்கு வந்த கணக்கைக் கண்டபின், விமானத்தில் செய்வதுபோல் இணைப்பை அணைத்து வைக்கக் கற்றோம். சீட்டு விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதையும் அறிக: பானங்கள், கரைச் சுற்றுலா, பணியாளர் அன்பளிப்பு எல்லாம் தனி.

தலைசுற்றல் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு சொல். ஆடித் தென்மேற்குக் காற்று இலங்கையின் தென்கரையில் கடுமையாக வீசும். அம்பாந்தோட்டையை நெருங்கியபோது கப்பல் நன்றாகவே ஆடியது. தீவின் மறைவிலுள்ள கீழ்க்கரை அப்பருவத்தில் அமைதியாயிருக்கும். கப்பலின் நடுவிலும் தாழ்ந்த தளத்திலும் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. கிணற்று ஏற்றத்தைப் பாருங்கள்: முனைகள் எவ்வளவு உயர்ந்து தாழ்ந்தாலும் நடுக்காலில் அசைவு சிறிதுதான். நாங்கள் கஞ்சத்தனத்தால் எடுத்த சாளரமற்ற அறை இவ்வகையில் எங்களைக் காத்தது. குமட்டினால் அறைக்குள் அடைந்து கிடவாமல் மேலே சென்று தொடுவானத்தை நோக்க வேண்டும். உடல் உணரும் அசைவைக் கண்ணும் கண்டால் மயக்கம் தணியும். அன்னையார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த இஞ்சி மரப்பாவை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பகிர்ந்தளித்தார்.

அவர் கப்பலில் பழகிய விதம் எங்களுக்கு வியப்பாயிருந்தது. நாங்கள் நாளொன்றுக்கு அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டுக் கச்சேரியிலிருந்து மாய வித்தைக்கும், அங்கிருந்து நீச்சற்குளத்துக்கும் ஓடினோம். அவர் ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் நிழலான ஓரிடத்தைத் தேர்ந்து அங்கேயே அமர்ந்தார். இரண்டாம் நாளே அவருக்குப் பத்துப் பேர் பழக்கமாயினர். தூய்மைப் பணி செய்யும் இளைஞன் மணிப்பூரைச் சேர்ந்தவன் என்பதும், அவன் தங்கைக்கு அடுத்த தையில் திருமணம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. எங்களுக்குப் படிக்கட்டுகள் மட்டும் தெரிந்தன.

துறைமுக நாள்களில் எல்லோரும் கரைக்கு இறங்கியபின் கப்பலிலேயே தங்குவதுதான் பேரின்பம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதனை நம்பிக் காங்கேசன்துறையில் நாங்கள் இறங்கவில்லை. கூட்டமின்றி இருந்தது உண்மை. ஆயினும் கலங்கரை விளக்கத்தையும் பனைகளையும் கண்ணெதிரே கண்டும் யாழ்ப்பாண மண்ணை மிதியாமல் வந்தது இன்றும் உறுத்துகிறது. அனுபவசாலிகளின் சொல்லையெல்லாம் கேட்கத்தான் வேண்டுமா என்று சில வேளை எண்ணுகிறோம்.

அதற்கு முந்திய நாள் திருகோணமலை. காலையில் இறங்கி 'ஓட்டோ' ஒன்றைப் பேசிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குச் சென்றோம். கோட்டை வாயிலுக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்த கோயிலின் இடத்தில், கடலுக்குமேல் நிமிர்ந்த பாறையின் உச்சியில், இன்றைய கோயில் நிற்கிறது. அன்னையார் ஏற்றத்தில் மும்முறை நின்று இளைப்பாறினாலும் யாருடைய கையையும் பற்றவில்லை.

தரிசனம் முடிந்ததும் பிள்ளைகள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க வேண்டுமென்றனர். ஓட்டோக்காரரும், 'கிட்டத்தான் ஐயா, போய் வரலாம்,' என்றார். கப்பலார் நடத்தும் சுற்றுலாவில் சென்றவர் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சென்றவருக்குக் காத்திராது. நாங்கள் தாமாகச் சென்றவர்கள். ஆயினும் நேரம் இருந்தது. போகலாமென்றே எங்களுக்கும் பட்டது.

'நீங்கள் போய் வாருங்கள் தம்பி. என்னைக் கப்பலில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்,' என்றார் அன்னையார். சினமின்றிச் சொன்னார். எவரும் கன்னியாவுக்குச் செல்லவில்லை.

புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே மேல்தளத்துக்குச் சென்று, கரையைப் பார்த்த பக்கம் எது என்று அந்த மணிப்பூர் இளைஞனைக் கேட்டு, கம்பியருகே இடம் பிடித்தோம். மாத்திரை கைப்பையிலிருந்தது, இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டோம். அன்னையார் விரிப்பில் அமர்ந்து காத்திருந்தார். வடத்தை அவிழ்க்கும் ஓசை கேட்டதும் எழுந்து, இரு கைகளாலும் கம்பியைப் பற்றினார். துறைமேடையில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. துறைமுகப் பணியாளர் நால்வரும் காவலர் ஒருவரும் நின்றனர். கரைக்கும் கப்பலுக்கும் இடையே முதலில் ஒரு முழ அகலத்துக்கு நீர் தெரிந்தது. அது விரிந்துகொண்டே சென்றது. பணியாளருள் வயது முதிர்ந்த ஒருவர், வழக்கமாகச் செய்வதுதான் போலும், தலைப்பாகைத் துணியை அவிழ்த்து மேலே தூக்கி வீசிக் காட்டினார்.

அன்னையார் வலக்கையைக் கம்பியிலிருந்து எடுத்து உயர்த்தினார். அந்த மனிதர் புள்ளியாகச் சிறுத்து மறையும்வரை கையை இறக்கவில்லை. எங்கள் இளைய மகள், 'பாட்டி, அவர் யார்?' என்று கேட்டாள். விடையில்லை. கோணேசர் பாறை வெளிறி, வானோடு கலந்து மறைந்தது. அதன் பிறகே விரிப்பை மடிக்கச் சொன்னார். தமக்குப் பசிக்கிறதென்றும், இன்றைக்குத் தட்டில் ஏதேனும் புதிதாக வைத்துப் பார்க்கலாமென்றும் கூறினார்.