அந்தக் கூட்டுப் படத்தை ஏன் அழித்தேன்



போன வருடம் நான் போட்டிருந்த தேன்சிட்டுக் கூட்டுப் படம் எங்கே என்று நாலைந்து பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டீர்கள். நான்தான் அழித்தேன். என்னுடைய பக்கத்தில் ஆகக் கூடுதலாக லைக் விழுந்த படம் அது. அழித்ததற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெமரா பழக்கம் எனக்கு எங்கள் வீட்டு வளவில் தொடங்கியது. வாங்கியது பாவித்த கெமரா, 55-250 லென்ஸ் ஒன்று. அதைக் கொண்டு யால, குமண என்று போகலாம்தான். ஆனால் ஆசிரியரின் சம்பளத்துக்கும் சனிக்கிழமை வகுப்புக்கும் வளவுதான் சரிவந்தது. சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கிணற்றடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் ஏழரை மணிக்குள் பத்து வகைக் குருவி வந்து போகும். கரிச்சான் எங்களுக்கு முன்னமே எழும்பிவிடும்; பள்ளிக்குப் போகும்போதே கூரை முகட்டில் நின்று பாடிக்கொண்டிருக்கும். பிறகு கொண்டைக்குருவி, தையல்சிட்டு, கத்திக்கொண்டே வரும் புலுனிக் கூட்டம். ஐப்பசி வாக்கில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேரும். அது எங்கள் வாழைப் பாத்திச் சருகைக் கிளறிக்கொண்டு நிற்பதைக் கண்டால் அன்று முழுக்க எனக்குச் சந்தோசம்தான்.

(உருவப்படம் எடுக்கக் கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள்.)

சின்னக் குருவியைப் படம் எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வெளிச்சத்தைப் படித்தால் போதும். ஆண் தேன்சிட்டின் தொண்டை நிழலில் வெறும் கறுப்பு. சூரியனை எங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் அதே தொண்டை ஊதாவாக மின்னும், உச்சந்தலை பச்சையாகப் பளபளக்கும். கோணம் கொஞ்சம் மாறினால் திரும்பவும் கறுப்பு. அந்த மினுக்கம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. எங்கள் ஊர் மணல் வளவில் இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளை மணலில் பட்ட வெளிச்சம் மேலெழும்பி குருவியின் வயிற்றுப் பக்கத்தையும் துலக்கிக் காட்டும். காசு கொடுத்து வாங்க முடியாத லைட் அது. பேப்பர் திருத்தக் கொழும்புக்குப் போன நாட்களில் விகாரமகாதேவி பூங்காவில் காலை நேரம் சுற்றித் திரிந்து எடுத்துப் பார்த்தேன். பெரிய மரங்களின் நிழலில் பாதிப் படம் இருண்டே வந்தது.

இனி அந்தக் கூடு.

எங்கள் கிணற்றடிப் போகன்விலாக் கொப்பில் பெண் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. நார், சருகு, மரப்பட்டைத் துண்டு எல்லாவற்றையும் சிலந்தி வலையால் பிணைத்து, தொங்கும் பை மாதிரி. வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம். தூரத்திலிருந்து பார்த்தால் கொப்பில் சிக்கிய குப்பை என்றுதான் நினைப்பீர்கள். குப்பை மாதிரித் தெரிவதுதான் அதற்குக் காவல். இரண்டு குஞ்சுகள் பொரித்தன. ஆணும் பெண்ணும் மாறிமாறி இரை கொண்டுவந்தன.

எனக்கோ முன்னால் ஒரு பூங்கொப்பு மறைத்தது. குஞ்சுகளின் வாய் தெரியவில்லை. ஒரு நைலோன் கயிற்றுத் துண்டை எடுத்து அந்தக் கொப்பை இழுத்து வேலியோடு கட்டினேன். வெளிச்சம் நேராக வாசலில் விழுந்தது. அன்று எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம்: தாய் அந்தரத்தில் நிற்க, உள்ளேயிருந்து இரண்டு மஞ்சள் வாய்கள். இரவே போட்டேன். “மாஷா அல்லாஹ் சேர்”, “அற்புதம் சேர்” என்று நிறைந்து வழிந்தது.

கயிற்றை அவிழ்க்கவில்லை. நாளைக்கு இன்னும் நல்ல படம் கிடைக்கும் என்ற ஆசை.

இரண்டாம் நாள் பாடசாலை விட்டு வந்தபோது கூடு கிழிந்து தொங்கியது. காகமா, செண்பகமா தெரியாது. வாயில் பூச்சியோடு தாய் வந்து, கிழிசலைப் பார்த்து, பறந்து போய், திரும்பவும் வந்தது. அஸர் வரைக்கும் அப்படியே. உம்மா குசினி வாசலில் நின்று ஒரு வசனம்தான் சொன்னார்: “என்னத்துக்கு மகன் அந்தக் கொப்ப இழுத்துக் கட்டின? மறைவு பார்த்துத்தானே அது கூடு வெச்ச.”

பிரயாணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் தவித்ததையும், அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அபூதாவூதில் உள்ளது. காலைக் கூட்டத்தில் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்று என்னிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

அப்போதும் படத்தை அழிக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. “குஞ்சுகள் பறந்துட்டா சேர்?” என்று ஒரு சகோதரி கீழே கேட்டிருந்தார். பதில் போடாமல் விட்டேன்.

இந்த மாதம் தரம் 8 மாணவன் ஒருவன் வாப்பாவின் போனோடு என்னிடம் வந்தான். “சேர், உங்களப் போலவே நானும் கூட்டுக்குள்ள எடுத்த.” பார்த்தேன். கத்தரி இலையில் தையல்சிட்டுக் கூடு. இலையின் இரு ஓரத்தையும் அலகால் துளைத்து, நாரால் கோத்துச் சுருட்டி, அதற்குள் பஞ்சு வைத்துக் கட்டும் கூடு அது. தையலைப் பிரித்து இலையை விரித்துப் பிடித்தபடி எடுத்திருந்தான். மூன்று முட்டைகள். படம் நல்ல தெளிவு.

பாடசாலை விட்டதும் அவனோடு அவன் வீட்டுக்குப் போனேன். முட்டைகள் இருந்தன. பறவை இல்லை. இலையை மெல்லச் சேர்த்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தோம். மஃரிப் வரைக்கும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் அழுதான். “நான் கெட்ட வேல செஞ்சிட்டனா சேர்?” என்றான். நீ என்னைப் பார்த்துச் செய்தாய் மகன் என்று சொல்லி, போகன்விலாக் கதையை முழுதாகச் சொன்னேன். அன்றிரவு படத்தை அழித்தேன்.

என் பதிவுகளைப் பார்த்துக் கெமரா வாங்கிய தம்பிமார் ஊரில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். கூட்டுப் பக்கம் கெமராவைத் திருப்புவதே இல்லை. போனில் குருவிச் சத்தம் போட்டு அழைப்பதையும் விட்டுவிட்டேன். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது பதறிக்கொண்டு வருகிறது, எங்களுக்குப் போஸ் கொடுக்க அல்ல. ஒரு மண் சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், பக்கத்தில் இறங்கி நிற்க ஒரு காய்ந்த கொப்பு, பன்னிரண்டு அடி தள்ளி என் கதிரை. அவ்வளவுதான். தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள், டெங்கு காலம். முதல் வாரம் ஒன்றும் வராது. பிறகு நீங்களும் வளவில் நிற்கும் ஒரு மரம் என்று நினைத்துக்கொள்ளும்.

இடமிருந்தால் ஒரு ஜாம் மரம் வையுங்கள். பூக்கொத்தி அந்தப் பழத்துக்கு வரும். எட்டு சென்ரிமீற்றர்தான், இலங்கையின் மிகச் சிறிய பறவை. குருவிச்சைப் பழத்தையும் தின்னும். பிசுபிசுத்த கொட்டையைக் கொப்பில் தேய்த்துவிட்டுப் போகும், அது அங்கேயே முளைத்துவிடும். மாமரத்தில் குருவிச்சை பிடித்தால் ஏசுகிறோமே, நட்டது இவர்தான்! பெயரை வைத்த முன்னோர் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த மாணவனும் இப்போது சட்டி வைத்திருக்கிறான். நேற்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சட்டி விளிம்பில் கொண்டைக்குருவி, வாலடியின் சிவப்பு நன்றாகத் தெரிகிறது, கொண்டை மட்டும் படத்துக்கு வெளியே போய்விட்டது. “தல வெட்டுப்பட்டிட்டு சேர்” என்று கீழே எழுதியிருந்தான். நாளைக்குக் கதிரையை இன்னும் இரண்டடி பின்னால் போடச் சொல்லியிருக்கிறேன்.