பிழைச் செய்தி யார் சொன்னது?

ஐப்பசி, திங்கள்

இரவு மழையில் மின்சாரம் போய் வந்தால், வலையமைப்பில் முதலில் தலைகாட்டுவது முகவரிக் கோளாறு. செண்பகத்தோப்புச் சாலையில் உள்ள கணினி மையம் ஒன்றில் இன்று காலை நடந்ததும் அதுதான். ஒரு கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. இந்த எண்ணை ரவுட்டர் கொடுப்பதில்லை. ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராதபோது கணினி தானே சூட்டிக்கொள்வது. ஆகவே கோளாறு இந்த அறைக்குள்தான். இணைய நிறுவனத்துக்கு போன் போட்டுப் பயனில்லை. கழன்றிருந்த கேபிளை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தியதும் முகவரி 192.168 என்று மாறியது.

செவ்வாய்

மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை தரும் இரண்டு பதில்களைப் பலரும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் வழி இல்லை என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் வகையில் அந்த வரியின் தொடக்கத்தைப் படிக்க வேண்டும். 'ரிப்ளை ஃப்ரம்' என்பதற்குப் பின் வரும் எண்தான் பேசியவரின் முகவரி. அது இதே கணினியின் எண் என்றால், பக்கத்திலிருக்கும் ரவுட்டரைக்கூட அதனால் எட்ட முடியவில்லை. ரவுட்டரின் எண் என்றால், கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ.

இரண்டாம் வகையில் அவசரப்படக் கூடாது. பல சர்வர்கள் பாதுகாப்புக் கருதி பிங்கிற்குப் பதில் தருவதே இல்லை. தளம் மட்டும் நன்றாகத் திறக்கும். பிங்கை எழுதியவர் அமெரிக்கத் தரைப்படை ஆய்வகத்தில் இருந்த மைக் மூஸ், ஆண்டு 1983. அது நம்பியிருக்கும் ஐசிஎம்பி விதிகள் 1981இலேயே வந்துவிட்டன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கோளாறு தேடுபவர் முதலில் தட்டுவது பிங்கைத்தான்.

புதன்

இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் போகிறது, தளத்தின் பெயரைத் தட்டினால் திறக்கவில்லை. இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. 'என்எக்ஸ்டொமைன்' என்று வந்தால் அப்படி ஒரு பெயரே கிடையாது. பெரும்பாலும் எழுத்துப் பிழை.

வியாழன்

ஃபைபர் மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் திரையில் தேட ஒன்றுமில்லை. ஒளி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இழை எங்கோ அறுந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும்.

அணில் மீது சந்தேகம் எழுவது இங்கே இயல்பு. 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் லெவல் 3 நிறுவனம் 2011இல், தன் கேபிள் சேதங்களில் 17 விழுக்காடு அணில் கடித்ததால் வந்தது என்று கணக்குச் சொன்னது. ஆனால் காட்டில் உயர்ந்த மரக்கிளைகளைவிட்டு அதிகம் இறங்காத சாம்பல் நிற அணிலைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. சந்தேகப்படுவதானால் வீட்டுக் கூரையில் ஓடும் முதுகில் கோடு போட்ட அணிலைச் சந்தேகப்படலாம்.

வெள்ளி

பழைய கணினி ஒன்றில் எந்தப் பாதுகாப்பான தளத்தைத் திறந்தாலும் சர்டிபிகேட் செல்லாது என்ற எச்சரிக்கை. தளங்கள் மீது தவறில்லை. மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போனதும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் பார்த்தால் சர்டிபிகேட்டின் காலமே இன்னும் தொடங்கவில்லை. சிஆர் 2032 பேட்டரி ஒன்றை மாற்றித் தேதியைத் திருத்தினால் போதும். 'பரவாயில்லை, தொடர்க' என்ற பொத்தானை அழுத்திப் பழகுவதுதான் ஆபத்து. உண்மையிலேயே போலியான தளம் வரும் நாளிலும் விரல் அங்கேதான் போகும்.

சனி

502, 504 என்ற எண்கள் வந்தால் இங்கிருந்து செய்ய ஒன்றுமில்லை. முன்வாசலில் நிற்கும் சர்வர் பதில் சொல்கிறது; அதற்குப் பின்னால் இருக்கும் சர்வர் 502இல் தவறான பதில் தருகிறது, 504இல் பதிலே தருவதில்லை. ரவுட்டரை அணைத்து எழுப்பினால் மற்றவர்களின் வேலைதான் கெடும். காத்திருக்க வேண்டும்.

புகார் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'நெட் வரல' என்று மட்டும் சொல்லாதீர்கள். திரையில் வந்த செய்தியை முழுசாகப் படம் எடுத்து, நேரத்தையும் குறித்து அனுப்புங்கள்.